கழற்றிப் பூட்டும் புகைக்குழாய்

இயந்திரம் ஒன்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் குதிரைவலுவையும் அது குடிக்கும் எண்ணெயின் அளவையுமே பேசுவர். எரிந்து முடிந்த புகை எவ்வழியாக வெளியேறுகின்றது என்று வினவுவோர் சிலரே. ஆயினும் உண்ட உணவு செரித்தபின் கழிவு நீங்காவிடின் உடல் நோயுறுவதுபோல, புகை தடையின்றிப் போகாத இயந்திரமும் நலிவடையும். வலுக் குறையும், எண்ணெய்ச் செலவு மிகும், வெப்பம் ஏறும்.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துத் தீவகம் நன்கு அறியும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு சேரச் சிறிது நேரமே போதும். நெடுந்தீவு சேரவோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் செல்ல வேண்டும். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்லும் அடியார், மேற்சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் செல்லும் நோயாளர், பள்ளி ஆசிரியர், வணிகர் ஆகிய யாவரும் மோட்டார் வள்ளத்தையே நம்பியிருக்கின்றனர். நடுக்கடலிற் புகைக்குழாய் வெடித்தால் அங்கே பட்டறை இல்லை. கரை சேர்ந்தபின் கழற்றிச் செப்பனிட்டு, அடுத்த பயணத்துக்கு முன் மீண்டும் பூட்டியாக வேண்டும். ஆகவே கழற்றக்கூடிய புகைக்குழாய் என்பது இங்கே ஆடம்பரமன்று, அன்றாடத் தேவையாகும்.

நான்கு சிலிண்டர்களின் புகைத்துவாரங்களிலிருந்தும் வரும் குழாய்கள் ஒன்றுகூடும் பகுதியை மனிபோல்ட் என்பர். ஆலையில் வார்ப்பிரும்பாற் செய்யப்பட்ட மனிபோல்ட் உடைந்து, புதியது கிடைக்காதவிடத்து, உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டித் தாமே ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு அமைப்போர் முதலிற் கருதவேண்டியது வெப்பத்தால் நேரும் நீட்சியாகும். ஒரு மீற்றர் நீளமான சாதாரண உருக்குக் குழாயின் வெப்பம் 400 பாகை சதம அளவு உயர்ந்தால், அது ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளும். துருப்பிடியா உருக்காயின் 7 மில்லிமீற்றர் வரை நீளும். இரு முனைகளையும் இறுகப் பூட்டிவிட்டால் அந்த நீட்சிக்கு இடமேது? ஒட்டிய இடம் பிளக்கும். அல்லது தலைப்பின் ஆணி முறியும். ஆதலால் ஒரு குழாயின் முனை மற்றொன்றினுள் வழுகி நுழையுமாறு அமைத்து, இரண்டையும் வில்லினாற் பிணைத்தல் நன்று. வழுகும் இந்த இணைப்பே கழற்றுவதையும் எளிதாக்குகின்றது. கைத்தொழிலாளி ஒருவர் ஒரே வேலையில் இரு பயன்களைப் பெறுகின்றார்.

இரண்டாவது, கழற்றும் வழி. மனிபோல்ட்டை இயந்திரத்தின் தலைப்பில் நிறுத்தும் ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. அந்த ஆணிகளின் நீளத்துக்கேனும் மனிபோல்ட்டை நேராகப் பின்னிழுத்தாலன்றி அது வெளிவராது. வள்ளத்தின் உட்புறமோ நெருக்கமானது. மரச்சட்டத்தில் முட்டும்படி குழாயை வளைத்துவிட்டால், சிறு பழுதுக்கும் இயந்திரத்தையே தூக்க நேரும். எனவே, குழாயை வளைக்குமுன் சாவி நுழையும் இடமும் கை நுழையும் இடமும் குழாய் பின்வாங்கும் இடமும் அளந்துகொள்ளப்பட வேண்டும்.

மூன்றாவது, தட்டை விளிம்பு. பிளாஞ்சு எனப்படும் இத்தட்டு மெல்லியதாயின் ஒட்டும் சூட்டிலே கோணிவிடும். பத்து மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள தட்டை, பழைய தலைப்பு ஒன்றிற் பூட்டி வைத்துக்கொண்டே ஒட்டி, ஆறியபின் அரத்தால் மட்டப்படுத்துதல் வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு நட்டு இரும்பு ஆணியோடு துருவால் ஒன்றாகிவிடும். பித்தளை நட்டுப் பூட்டினால் ஆண்டுகள் கழிந்தும் அது சாவிக்கு இணங்கும்.

புகையின் வெப்பம் வீணே போவதொன்றன்று என்பதற்கும் யாழ்ப்பாணமே சான்று. 1990ஆம் ஆண்டின் பின்னர், போரினாலும் பொருட்தடையினாலும் பெற்றோல் கிடைக்காத காலத்தில், அங்குள்ள பழைய ஒஸ்டின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பிரித்தானியாவின் உழவு இயந்திரங்கள் சிலவற்றிலும் முன்னர் இம்முறை வழங்கியது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. மொறிஸ் மைனரிலோ உட்செல்லும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. புகையின் சூடு எண்ணெயை ஆவியாக்க உதவிற்று. அத்தகைய இயந்திரத்துக்கு அழகிய தனிக்குழாய்களை அமைத்து அந்தச் சூட்டைப் பிரித்துவிட்டால், மண்ணெண்ணெயில் அது செவ்வனே ஓடாது. மேலும் மண்ணெண்ணெய் கரியை மிகுதியாகப் படியச் செய்யும். கரியைச் சுரண்டுவதற்கு அடிக்கடி கழற்றவேண்டும். பழையதன் அமைப்பில் உள்ள காரணத்தை அறிந்தபின்னரே புதியதை வரைதல் வேண்டும் என்பது இதன் பாடமாகும்.

கடலில் இன்னுமொரு கவனம் உண்டு. சில வள்ளங்களிற் புகையைக் குளிர்விக்கக் கடல்நீரைக் குழாயினுட் செலுத்துவர். நீர் கலக்கும் இடம் இயந்திரத்தின் புகைத்துவாரத்தைவிடத் தாழ்ந்து நிற்குமாறு, குழாய் முதலில் உயர்ந்து பின் இறங்கவேண்டும். இன்றேல் இயந்திரம் நின்றதும் நீர் திரும்பிச் சிலிண்டருக்குட் புகுந்துவிடும்.

எல்லாவற்றினும் மேலானது உயிர். புகையிற் கலந்துள்ள காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. மழைக்காலத்தில் படங்கை இறக்கிவிட்டு, மக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும் வள்ளத்தில், இணைப்பு ஒன்று சிறிது கசிந்தாலும் தலைவலி தோன்றும். பின் மயக்கம் வரும். அதனைக் கடற்பிணி என்றெண்ணி வாளாவிருப்பது பெரும் ஆபத்து. நோயாளரும் குழந்தைகளுமே முதலில் வருந்துவர்.

ஆகவே கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் பழைய பக்கிங்கை நீக்கிப் புதியதை இடவேண்டும். குளிர்ந்த நிலையில் முறுக்கிய நட்டுகளை, ஒருமுறை சூடேறி ஆறியபின் மீண்டும் முறுக்கிப் பார்க்கவேண்டும். இணைப்பின் ஓரத்திற் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிவு உண்டென்று கொள்ளவேண்டும். இவற்றுக்குச் செல்வது அரைமணி நேரமே. துறையில் அந்த அரைமணி நேரத்தைச் செலவிடும் ஓட்டியை நம்பியே ஒரு தீவு கடலைக் கடக்கின்றது.