மருத்துவக் கல்வி: கையெழுத்திடும் முன் ஐந்து கேள்விகள்

(எஸ்.பி.எம். முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கல்விக் கண்காட்சிகளில் நம்மவர் கூட்டம்தான் அதிகம். "அடிப்படைக் கல்வி முதல் டாக்டர் பட்டம் வரை ஒரே கூரையின் கீழ்", "பாதி இங்கே, பாதி வெளிநாட்டில்" என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. அன்று மாலையே முன்பணம் கட்டிவிடுகிறோம். ஆறு ஏழு ஆண்டு வாழ்க்கையை ஒரு மாலையில் முடிவு செய்யலாமா? சிந்தித்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் ஏன் இந்த வாசலில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மெட்ரிகுலேஷன் இடங்கள் 2019இல் 25,000இலிருந்து 40,000ஆக உயர்ந்தபோதும் 90:10 பங்கீடு மாறவில்லை. எஸ்.பி.எம்.மில் 10 ஏ பெற்ற எல்லா இன மாணவர்க்கும் இடம் உண்டு என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் வீட்டை அடகு வைத்தன! உரிமைக்கான குரல் ஓயக்கூடாது. ஆனால் அந்தக் குரல் பலன் தரும்வரை பிள்ளையின் படிப்பு காத்திருக்காது. எனவே தெரிந்து தேர்ந்தெடுப்போம்.

கூட்டுப் பாடத்திட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. மோனாஷ் மலேசியாவில் மருத்துவ அறிவியல் இளங்கலையும் எம்.டி. பட்டமும் ஐந்தாண்டில் இணைந்தே வருகின்றன. பினாங்கில் 1996இல் தொடங்கிய அயர்லாந்துத் திட்டத்தில் முதல் பாதி டப்ளினில், மருத்துவமனைப் பயிற்சி பினாங்கில். 1992இல் தொடங்கிய ஐ.எம்.யு.வில் புக்கிட் ஜாலிலில் இரண்டரை ஆண்டு படித்தபின் சிரம்பானில் தொடரலாம், அல்லது வெளிநாட்டுப் பங்காளிப் பல்கலைக்கழகத்திற்கு மாறலாம். சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். பள்ளியோ முதலில் ஒரு பட்டம் பெற்றவர்களை மட்டுமே நான்காண்டுப் படிப்பில் சேர்க்கிறது.

எதுவாயினும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதலாவது, பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? அந்தப் பட்டம் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா? முகவர் சொல்வது போதாது. மலேசிய மருத்துவ மன்றத்திடம் நீங்களே சரிபாருங்கள். உக்ரேனில் இருந்த கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் மீட்டுக்கொள்ளப்படுகிறது என்று 2005இல் அறிவிப்பு வந்தபோது நம் சமுதாயம் பட்ட வேதனையை மறக்க முடியுமா? சிங்கப்பூரும் தான் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளை 2020இல் 160இலிருந்து 103ஆகக் குறைத்தது. பட்டியல்கள் மாறக்கூடியவை.

இரண்டாவது, இரண்டாம் கட்டத்தில் இடம் உறுதியா? "உறுதி" என்று வாயால் சொல்வார்கள். கடிதத்தில் "குறிப்பிட்ட புள்ளி பெற்றால்", "நேர்முகத்தில் தேறினால்" என்று இருக்கும். அந்தப் புள்ளி என்ன? அதை எட்டாத மாணவன் கையில் என்ன மிஞ்சும்? மருத்துவ அறிவியல் இளங்கலை மட்டும் மிஞ்சினால், அதைக்கொண்டு மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.

மூன்றாவது, பங்காளி விலகினால் என்ன ஏற்பாடு? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் துணையுடன் 2011இல் தொடங்கிய பெர்டானா பல்கலைக்கழகப் பட்டதாரி மருத்துவப் பள்ளியின் கூட்டு 2014இலேயே முடிவுக்கு வந்தது. எவ்வளவு பெரிய பெயரானாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

நான்காவது, மொத்தச் செலவு எவ்வளவு? எந்த நாணயத்தில்? வெளிநாட்டுப் பகுதியின் கட்டணம் பவுண்டிலோ யூரோவிலோ இருக்கும். 1997 நடுவில் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.80ஐயும் தாண்டியது. படிப்பின் நடுவில் இப்படி நடந்தால் தாங்குமா? முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஐந்தாவது, பட்டத்திற்குப் பின் என்ன? ஈராண்டுப் பயிற்சி மருத்துவப் பணி கட்டாயம். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படத் தொடங்கினர். நிரந்தர வேலை கோரி ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலையில் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தனர். எனவே, "பட்டம் கிடைத்ததும் சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம்" என்ற கணக்கு அவ்வளவு எளிதல்ல.

பெற்றோர்களே, நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டமும் தன் காலில் நிற்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கல்லூரியின் சொந்த அடிப்படைக் கல்வியை முடித்தால், மற்றொரு பல்கலைக்கழகம் அதை ஏற்காமல் போகலாம். எஸ்.டி.பி.எம். கடினம்தான். ஆனால் அரசாங்கப் பள்ளியில் குறைந்த செலவில் படிக்கலாம். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன. அந்த ஒன்றரை ஆண்டை வீண் என்று எண்ணாதீர்கள். மருத்துவம் கிடைக்காவிட்டாலும் மருந்தியல், பொறியியல், சட்டம் என்று வேறு கதவுகளையும் அது திறந்து வைக்கும்.

கூட்டுத் திட்டத்தில் சேரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் படித்து இன்று நல்ல மருத்துவர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் பலர். மேற்சொன்ன ஐந்துக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாகச் சேருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பி, தங்கைகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவும் அம்மாவும் "டாக்டர்" என்ற சொல்லுக்காக எதையும் விற்கத் துணிவார்கள். அவர்கள் கையெழுத்திடும் முன் அந்தக் கடிதத்தை நீங்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நம் உரிமை.