கறுப்புப் பொருக்கை மறைக்காதீங்க

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் பத்தியெல்லாம் தலைவி அக்கா பேசிட்டாங்க. நான் ஒரு காய்ச்சலைப் பத்தியும் ஒரு மாத்திரையைப் பத்தியும் பேச வந்திருக்கிறேன். மாத்திரையின் பெயர் டாக்ஸிசைக்ளின். டெட்ராசைக்ளின் என்கிற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாடு வளர்க்கிறவங்களுக்கு இந்தக் குடும்பம் புதுசில்லை. கால்நடை டாக்டர் போடுகிற மஞ்சள் நிற ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி இதற்கு அக்கா முறை. அதுக்காக மாட்டு மருந்தை மனுஷங்க எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

ஒரு வருஷம் தீபம் முடிந்த வாரம் என் சின்னம்மாவுக்குக் காய்ச்சல். தலைவலி, உடம்பு வலி. கடையில் சொல்லி பாராசிட்டமாலும் அமாக்சிசிலினும் வாங்கிச் சாப்பிட்டாங்க. காய்ச்சல் விடவில்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா மறைப்பு கட்டி உடம்பு முழுக்கப் பார்த்தாங்க. மார்புக்கு அடியில் பீடி நெருப்பு சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சின்னம்மாவுக்கு அது ஒரு வாரமாகத் தெரியும்! "அந்த இடத்தை எப்படிம்மா டாக்டர்கிட்ட காட்டுறது?" என்றார்கள். டாக்ஸிசைக்ளின் போட்ட இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிழைச்சுட்டாங்க. ஆனால் ஐந்து நாள் ஆக்சிஜன், இரண்டு ஆடு வித்தாச்சு.

இந்த நோய்க்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்று பெயர். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறோம். மாட்டில் இருக்கும் பெரிய உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கடித்தால் வலிக்காது. மழைக்காலத்திலும் அதற்குப் பின் வரும் பனிக்காலத்திலும் அதிகம். புல் அறுக்க, விறகு பொறுக்க, கொல்லைக்குப் போக என்று புதர்ப்பக்கம் போகிறவர்கள் யார்? நாம்தானே. 2024 முடிந்து 2025 பிறந்த சமயத்தில் சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் நம்ம திருவண்ணாமலையும் வேலூரும் இருந்தன.

கடை மாத்திரை ஏன் கேட்கவில்லை? அமாக்சிசிலின் கிருமியின் சுவரை உடைக்கிற மருந்து. இந்தக் கிருமியோ நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். உடைக்கிற மாதிரியான சுவரும் அதுக்குக் கிடையாது. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள்ளேயே நுழைந்து, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க விடாமல் தடுக்கும். அடுப்பை அணைத்துவிட்டால் சமையல் எப்படி நடக்கும்?

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவில் டக்கர் என்பவர் கண்டுபிடித்து 1948-ல் வெளியானது. அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

பக்கத்து வேலூர் சி.எம்.சி. தலைமையில், நாட்டின் 7 மருத்துவமனைகளில், நோய் முற்றிய சுமார் 800 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாக ஏற்றினால், தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று 2023-ல் தெரியவந்தது. அவ்வளவு முற்றும் வரை நாம் ஏன் விடணும்? ஆரம்பத்திலேயே போனால் விலை குறைந்த இந்த மாத்திரையே போதும்.

மாத்திரையைச் சாப்பிடும் விதம் முக்கியம். ஒரு டம்ளர் தண்ணீர் நிறையக் குடித்து விழுங்கணும். உடனே படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாகும். பாலோடு சாப்பிடாதீங்க. நமக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் வேண்டாம். அவை இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. சில மணி நேரம் இடைவெளி விடுங்க. வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும், முக்காடு போட்டுக்கொள்ளுங்க. காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடணும். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற பழக்கமும் வேண்டாம்.

கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிடணும். இந்தக் குடும்பத்து மருந்துகள் வயிற்றுப் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் படியக்கூடும் என்பதால், அவர்களுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

புதர்ப்பக்கம் போய் வந்தால் குளித்து, துணியைத் துவைச்சுப் போடுங்க. புல்மேல் வெறுமனே உட்காராதீங்க.

பின்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறாங்க, "ரத்தப் பரிசோதனையில் இல்லைன்னு வந்துட்டா?" நல்ல கேள்வி. முதல் சில நாட்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால்தான் பொருக்கு பெரிய சாட்சி. எல்லாருக்கும் அது வராது, ஆனால் வந்தால் அக்குள், மார்புக்கு அடி, பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடம் காட்டுங்க. "புல் அறுக்கப் போனேன், இங்கே ஒரு கறுப்புப் புண் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்க.