சமையற்காரருக்கு எத்தனை புள்ளி?



நான் உணவகங்களுக்கு மளிகைச் சரக்கு போடுகிறவன். போகிற கடையெல்லாம் ஒரே குறைதான்: அடுப்படியில் ஆள் இல்லை.

2023 செப்டம்பரில் சிங்கப்பூரில் இரண்டு மாற்றங்கள் வந்தன. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 40 புள்ளி வேண்டும் என்றார்கள். பட்டம் இருந்தால் 10, பெயர்பெற்ற பல்கலைக்கழகமானால் 20. (என்னுடைய பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்துக்கு ஒன்றுமில்லை!) பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்தவருக்கு அங்கே என்ன புள்ளி? அவருக்காகத் திறந்தது இரண்டாவது வழி. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வேலை அனுமதியில் எடுக்கலாம். சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. இப்படி வருகிறவர்கள் மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் 8 விழுக்காடு என்றால் ஒரு முழு ஆள்கூட இல்லையே! சிறிய கடைக்குக் குறைந்தது ஒருவரைக் கொடுங்கள் என்று சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளின் வேலை போய்விடும் என்பார்கள். அலுவலக வேலைக்கு அந்தக் கவலை நியாயம்தான். அடுப்படிக்கு நம் வீட்டுப் பிள்ளை யார் வருகிறார்?

ஆனால் ஒன்று. 2,000 என்று தாளில் எழுதிவிட்டு, கையில் பாதியைத் திருப்பி வாங்குகிற முதலாளிகளும் உண்டு. சட்டப்படி அது குற்றம், நமக்கு ஹராம். அப்படிப்பட்டவர் கையெழுத்து அந்த மனுவில் வேண்டாம். செயற்குழு எழுதட்டும், நான் இன்றே கையெழுத்துப் போடுகிறேன்.