ஒரே கையெழுத்து வேண்டுமா?



தோட்டப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் நாங்கள், மாணவரின் ஏட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ஓரக்கோட்டைத்தான். ஒருமுறை, கோடு போடாத ஒரு மாணவனைக் கண்டித்து ஏட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அவன் போட்ட கணக்கோ சரி. அன்றே, அழகாக எழுதியிருந்த இன்னொருவனின் தவறான விடைக்குச் சரிக்குறி இட்டுவிட்டோம். வடிவத்தைப் பார்த்த கண் விடையைப் பார்க்கவில்லை.

கணினி நிரல் எழுதுவோரிடையேயும் இதே வழக்கு உண்டு. நிரல் என்பது கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசை. பெரிய மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதுகின்றனர். வரியை எவ்வளவு உள்தள்ளித் தொடங்குவது, அடைப்புக்குறியை எங்கே வைப்பது என்றெல்லாம் விதி வகுத்து, மீறியவரின் நிரலை ஏற்க மறுக்கலாமா? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

பைத்தான் மொழிக்கு 2001ஆம் ஆண்டில் ‘பெப் 8’ என்னும் விதித்தொகுப்பு எழுதப்பட்டது. உள்தள்ளல் 4 இடம், ஒரு வரிக்கு 79 எழுத்து என்பது அதன் விதி. லினக்ஸ் கருநிரலிலோ உள்தள்ளல் 8 இடம். எது சரி? இரண்டும் சரியே. நம் நாட்டில் வண்டியை இடப்பக்கம் ஓட்டுகிறோம். பல நாடுகளில் வலப்பக்கம் ஓட்டுகின்றனர். ஒரே சாலையில் இரண்டும் கலந்தால்தான் ஆபத்து.

அந்த ஆபத்து எத்தகையது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளில் இருந்த பாதுகாப்புப் பிழை ஒன்றைத் திருத்தியது. இணையத்தில் மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தாமா என்று சோதிக்கும் நிரல் அது. அதில் ‘கோட்டு ஃபெயில்’, அதாவது வெளியேறு என்னும் வரி, அடுத்தடுத்து இருமுறை இருந்தது. முதல் வரி, சோதனை தவறினால் மட்டும் வெளியேறச் சொன்னது. இரண்டாவது, எந்த நிபந்தனையும் இன்றி வெளியேறச் சொன்னது. அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி நடக்காமலேயே ‘எல்லாம் சரி’ என்ற விடை கிடைத்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி நின்றதால், இரண்டாவதும் நிபந்தனைக்கு உட்பட்டதுபோலவே தோன்றியது. உள்தள்ளலைச் சீர்செய்யும் கருவி ஒன்று அந்நிரலின்மேல் ஓடியிருந்தால், அவ்வரி இடப்பக்கம் தள்ளி நின்று தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். 2016இல் வெளிவந்த ஜிசிசி 6ஆம் பதிப்பு, இவ்வாறு ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டு எச்சரிக்கும் திறனைப் பெற்றது.

ஆகவே விதி வேண்டும். ஆனால் அதைக் காவல் காப்பவர் யார் என்பதே முக்கியமான கேள்வி. நிரலைச் சரிபார்க்கும் மூத்தவர் இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தால், நாங்கள் ஓரக்கோட்டைப் பார்த்த கதைதான். புதிதாக வந்த இளைஞர் பத்துத் திருத்தம் பெறுவார். பத்தும் வெற்றிடத்தைப் பற்றியதாக இருக்கும். அவர் மனம் சோர்வார். உண்மைப் பிழையோ உள்ளேயே தங்கிவிடும்.

2009இல் அறிமுகமான கோ மொழி இதற்கு நல்ல வழி காட்டியது. அதனுடன் வரும் ‘கோஃபம்ட்’ என்னும் கருவி நிரலைத் தானே ஒரே அமைப்பில் அடுக்கிவிடும். பைத்தானுக்கு ‘பிளாக்’ என்னும் கருவி 2018இல் வந்தது. கருவியின் அமைப்பு எல்லாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. வாதம் முடிந்துவிடுகிறது என்பதே அதன் பயன்.

ஓர் எச்சரிக்கை. பழைய நிரல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றி அடுக்கினால், எந்த வரியை யார், ஏன் எழுதினார் என்ற வரலாறு மறைந்துபோகும். அத்தகைய மாற்றத்தைத் தனியே செய்ய வேண்டும். வரலாற்றைத் தேடும்போது அதனை ஒதுக்கிப் பார்க்கும் வசதி கிட் கருவியில் 2019 முதல் உண்டு.

நேயர்களே, வரிசையைக் காக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடுவோம். விடை சரியா என்று பார்ப்பதே மனிதக் கண்ணின் வேலை. இப்போதெல்லாம் நாங்கள் ஏட்டைத் திறந்ததும் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறோம். கோட்டைப் பிறகு பார்க்கிறோம்.