கூட்டு முயற்சியும் முழுமை நோக்கும்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



யூபிலி நினைவாகச் சமூகக் கூடம் ஒன்று கட்டுவதென்று நம் பங்கு தீர்மானித்திருக்கிறது. கட்டடக் குழு, நிதிக் குழு, விழாக் குழு, இளைஞர் குழு என்று பொறுப்புகளும் பிரிக்கப்பட்டுவிட்டன. அடிக்கல் நாட்டுவதற்கு முன், பெரிய திட்டங்களை நடத்துகிறவர்கள் கைக்கொள்ளும் ஒரு முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். 'சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று அதற்குப் பெயர். தமிழில் முறைமைப் பொறியியல் எனலாம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்த பின், அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்து வருவதே அதன் சாரம்.

இதற்கு நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால், 1960களின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவுவதற்கு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே புனித மகதலா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களும் மக்களும் மனமுவந்து ஆலயத்தையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அங்கே தொடக்க நாட்களில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் இராமேசுவரம் தந்த அப்துல் கலாம்.

பின்னர் எஸ்.எல்.வி.-3 திட்டத்திற்கு அவரே இயக்குநரானார். நான்கு அடுக்குகளும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. முதல் அடுக்கு செவ்வனே வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு இழந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. காரணம் என்ன? புறப்படுவதற்கு 8 நிமிடம் இருக்கையில் நடந்த சோதனையின்போது திறந்த ஒரு வால்வு, மாசு சேர்ந்திருந்ததால் மீண்டும் மூடவில்லை. இரண்டாம் அடுக்கைத் திசைப்படுத்துவதற்குத் தேவையான நைட்ரிக் அமிலம் அதன் வழியாக ஒழுகிப் போயிற்று. பல ஆண்டு உழைப்பை ஒரு சிறு வால்வு கடலில் தள்ளிவிட்டது!

இது ஒரு பொருளில் நேர்ந்த பழுது. பழுதே இல்லாத இரண்டு பொருள்கள் சேருமிடத்திலும் ஆபத்து வரலாம். 1970 ஏப்ரலில் சந்திரனை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. வீரர் மூவரும், இருவருக்கென்று கட்டப்பட்ட சந்திரக் கலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை அகற்றும் பெட்டிகள் தாய்க்கலத்தில் சதுரம். சந்திரக் கலத்திலோ வட்டம். இரண்டும் தனித்தனியே குறையற்றவை. ஆனால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது! பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டு நாடா ஆகியவற்றைக் கொண்டு இரண்டையும் இணைக்கும் வழியைத் தரையிலிருந்த பொறியாளர்கள் கண்டு சொன்னதால் அவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

ஆகவேதான் முறைமைப் பொறியாளர்கள் சில விதிகளை வைத்திருக்கிறார்கள். முழு வேலையின் நோக்கத்தை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். இரண்டு குழுக்களின் வேலை சந்திக்கும் ஒவ்வோரிடத்தையும் இரு தரப்பாரும் ஒரே தாளில் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் செய்யும் மாற்றம் மற்ற எல்லாருக்கும் தெரிய வேண்டும். பகுதிகளைத் தனித்தனியே சோதித்தால் போதாது, சேர்த்தும் சோதிக்க வேண்டும். முழுமைக்கும் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

நம் கூடத்துக்கு வருவோம். முகப்பு வளைவை வரைகிறவர், திருவிழாத் தேரின் உயரத்தை விழாக் குழுவிடம் கேட்டாரா? சமையற்கட்டுக்கு இடம் ஒதுக்கியவர், கழிவுநீர் எங்கே போகும் என்று பார்த்தாரா? ஐந்நூறு பேர் அமரலாம் என்கிறோமே, அத்தனை பேருக்கும் கிணற்றில் தண்ணீர் உண்டா? நன்கொடை வந்து சேரும் மாதமும், மழைக்கு முன் கூரை போட வேண்டிய மாதமும் ஒத்து வருகின்றனவா? திறப்பு விழாவுக்குப் பின் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் யார் ஏற்பது? இவை எந்த ஒரு குழுவின் கேள்வியும் அல்ல. அதனாலேயே ஒருவரும் கேட்காமல் போகக்கூடியவை. கொத்தனாரும் பொருளாளரும் தத்தம் வேலையைக் குறைவின்றிச் செய்தும், ஏழைகள் சேர்த்துக் கொடுத்த காசு வீணாகலாம்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், திருச்சபையைப் பல உறுப்புகள் கொண்ட ஒரே உடலுக்கு ஒப்பிடுகிறார். ஒவ்வோர் உறுப்பும் மற்றவற்றின் தேவையை உணர வேண்டும் என்பதே அங்கே அவர் புகட்டும் பாடம். பொறியாளர்கள் இந்த நூற்றாண்டுகளில் கண்டுணர்ந்ததும் அதுவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1979இல் தோல்வி நேர்ந்த அன்று, பத்திரிகையாளர் முன் வந்து பொறுப்பேற்றவர் விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி துணைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளரிடம் பேசக் கலாமை அனுப்பினார். இதைக் கலாம் அவர்களே பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். முழுமைக்குப் பொறுப்பேற்பது என்றால் இதுதான்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. அடிக்கல் நாட்டுவதற்கு முன் எல்லாக் குழுக்களும் ஒரு நாள் ஒரே மேசையில் அமரட்டும். "என் வேலை உங்கள் வேலையை எங்கே தொடுகிறது?" என்று ஒருவரையொருவர் கேட்கட்டும். அப்படி எழும்பும் கூடம் நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் பயன்படும். இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!