பம்பாயில் சாதி இல்லையாம்!



பம்பாய் மண்ணை மிதித்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நம்பித்தான் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் ரயிலேறினார்கள். லோக்கல் ரயிலில் ஒருவர் அக்குளில் இன்னொருவர் முகம் புதைந்து கிடக்கையில் தீட்டாவது ஒன்றாவது! ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறங்குகிற ஸ்டேஷன் எது? செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று அடுத்தடுத்து மூன்றே ஸ்டேஷன்தான். வேலைக்கு மனுப் போடும்போது மான்குர்த்தை மறைத்து ‘செம்பூர்’ என்று எழுதியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சிரிக்கிறீர்கள்! உள்ளதை எழுதினால் “சொல்லி அனுப்புகிறோம்” என்பார்கள். அப்புறம் யார் சொல்லி அனுப்புகிறார்கள்? அங்கே ஒருவரும் உங்கள் சாதியைக் கேட்கவில்லை. விலாசமே சொல்லிவிடுகிறதே, கேட்பானேன்?

இந்த விலாசத்தை நாமா தேடிப் போனோம்? ஊர்க் கச்சராவைக் கொட்ட 1927-இல் நம் பக்கத்துத் தேவ்னாரைக் காட்டினார்கள். நகரத்துக்குள் இடைஞ்சல் என்று பட்ட ஏழைகளை இறக்கவும் இதே பக்கத்தைத்தான் காட்டினார்கள். அப்படி இறக்கிய ஜனதா காலனியையாவது விட்டுவைத்தார்களா? அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டுமாம். நெருக்கடி நிலைக் காலம், 1976 மே 17. சுமார் 70,000 பேரைப் பெயர்த்துச் சீத்தா கேம்ப் சேற்றில் தள்ளினார்கள். கோலார் தங்கவயல் தந்த நம் ஜோக்கின் அற்புதம் காலனியைக் காக்கக் கோர்ட்டுக்குப் போனார், டெல்லிக்கும் போனார். காலனி மிஞ்சவில்லை. 2000-இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். காலனியைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இதுவரை அடுத்தவனைத் திட்டினேன், கை தட்டினீர்கள். இனிமேல் தட்டுவீர்களோ என்னவோ!

வரன் பேச வந்தவரிடம் “ஊரில் எந்தத் தெரு?” என்கிறோமே, தெருவின் அழகை விசாரிக்கவா? நம் பில்டிங் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாருக்குப் போன் போடுகிறோம்? அவர் எந்தத் தெரு? 2019 டிசம்பரில் பக்கத்துக் கோவண்டியில், ஒரு குடியிருப்பின் கழிவுத்தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவில் செத்தார்கள். மனிதரை இப்படி இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்தாயிற்று. செத்தவர்களின் மனைவிமார் உயர் நீதிமன்றப் படியேறித்தான் 2021-இல் தலா 10 லட்சம் இழப்பீட்டுக்கு உத்தரவு வாங்கினார்கள்.

உங்கள் சொசைட்டிப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள்: மிஷின் வராமல் மூடியைத் திறக்கக் கூடாது. செலவு கூடும் என்பார் செக்ரட்டரி. எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். வீட்டுக்கு எவ்வளவு விழும் என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் வகுத்துக் காட்டச் சொல்லுங்கள்.