தூரத்து நிலத்தில் விற்பனைக்கு ஒரு வீடு



'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். தாம் குடியிருப்பதற்காக, தம் கண்முன்னே எழும் வீட்டைப் பற்றித்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். இன்று நாம் பேசப்போவது அதைவிடச் சிரமமான ஒன்றைப் பற்றி. நாம் வேலை செய்வது உலு சிலாங்கூரிலோ கோல சிலாங்கூரிலோ உள்ள தோட்டத்தில். நமக்குச் சொந்தமான நிலமோ கெடாவில், பேராக்கில், ஜொகூரில், அல்லது கடல் கடந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் ஒரு வீட்டைக் கட்டி விற்றால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள்.

நில அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும்படி பெற்றோர் பள்ளிக்கு எடுத்து வருவது நம் தோட்டப் பள்ளிகளில் பழைய வழக்கம். அப்போதெல்லாம் இந்த எண்ணத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்டு வருகிறோம். அதன் காரணமும் எங்களுக்குப் புரிகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்கவேண்டும் என்று 1990 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிக்கிறது. ஆனால் அந்த வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆகவே ஓய்வு பெறுவதற்குள் சொந்தக் கூரை ஒன்று வேண்டும் என்ற கவலையில், தூரத்து நிலத்தைப் பணமாக்கப் பார்க்கிறோம். எண்ணத்தில் குற்றமில்லை. முதல் கல்லை வைக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அவ்வளவுதான்.

முதல் கேள்வி: நிலம் யார் பெயரில் இருக்கிறது?

'அப்பா வாங்கிய நிலம்' என்பார்கள். நிலப்பட்டாவை, அதாவது நாம் 'கிராண்ட்' என்று சொல்வதை, விரித்துப் பார்த்தால் காலஞ்சென்ற தந்தையாரின் பெயரே இருக்கும். பெயர் மாறாத நிலத்தை விற்க முடியாது. அதில் கட்டும் வீடு உடன்பிறந்தோர் எல்லாருக்கும் சேர்ந்த வீடாகிவிடும். மூத்தவர் தம் சேமிப்பைப் போட்டுக் கட்டியிருப்பார். விற்கும் நாளில் தம்பியும் தங்கையும் பங்கு கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயமும்கூட. 1955 ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி, நிலம் உள்ள மாவட்டத்தின் நில அலுவலகத்திலேயே மனுச் செய்து பெயரை மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்.

அடுத்து, பட்டாவில் நிலத்தின் வகை என்ன என்று பார்க்க வேண்டும். விவசாயம், கட்டடம், தொழில் என்று வகைகள் உண்டு. விவசாய நிலமானால், விற்பனைக்கு வீடு கட்டும் முன் வகையை மாற்ற மனுச் செய்து, மாநில அரசின் ஒப்புதல் பெற்று, அதற்குரிய பிரிமியத்தைக் கட்ட வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலமா, விற்கத் தடை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம், சிறு கட்டணம் செலுத்தி நில அலுவலகத்தில் தேடல் செய்தால் தெரிந்துவிடும்.

நிலவரியை, அதாவது சுக்காய் தானாவை, மறந்துவிடலாகாது. வரி நிலுவையானால் அறிவிப்பு வரும். அதில் கொடுக்கும் தவணை 3 மாதம். அதற்குள்ளும் கட்டாவிட்டால் நிலம் மாநில அரசுக்குச் சேர்ந்துவிடலாம். அறிவிப்பு பழைய தோட்டத்து முகவரிக்குப் போய், நாம் வேறு தோட்டத்தில் இருந்தால் செய்தியே நமக்கு எட்டாது. ஆகவே முகவரி மாறும்போதெல்லாம் நில அலுவலகத்தில் பதிந்துகொள்வோம்.

காகிதத்தைப் பார்த்தபின் நீரைப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது. அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை என்று பொருள். 1883 இல் அங்கிருந்த அணை உடைந்து பழைய கோல குபுவை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. பிறகும் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றில் படிந்து, வெள்ளம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஊரையே மேட்டுக்குக் கொண்டுபோய் கோல குபு பாருவை அமைத்தார்கள். 'பாரு' என்றால் புதியது. வெயில் காலத்தில் போய்ப் பார்த்த நிலம் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வேண்டும். தண்ணீர் ஏறும் நிலத்தில் கட்டிய வீட்டை உள்ளூர்க்காரர் வாங்க மாட்டார்.

இரண்டாம் கேள்வி: கட்டும்போது பார்க்கும் கண் யாருடையது?

'பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்' என்பது பழமொழி. சிமெண்டு எத்தனை மூட்டை வந்தது, கம்பி எத்தனை போட்டார்கள் என்பதை 300 கிலோமீட்டர் தள்ளியிருந்து பார்க்க முடியாது. அதனால் நம் கண்ணுக்குப் பதிலாகச் சட்டமும் எழுத்தும் நிற்க வேண்டும்.

1974 ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சி மன்றம் ஒப்புதல் தந்த வரைபடம் இல்லாமல் கட்டடம் எழுப்பலாகாது. தகுதி பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவு பெற்ற வரைவாளரோ அந்த வரைபடத்தைச் சமர்ப்பிப்பார். வேலை முடிந்ததும் வரும் நிறைவுச் சான்றிதழை 2007 முதல் அத்தகைய நிபுணர்களே வழங்குகிறார்கள். அதற்கு முன் தகுதிச் சான்றிதழ் என்ற பெயரில் ஊராட்சி மன்றம் வழங்கியது. அந்தத் தாள் இல்லாத வீட்டுக்கு, வாங்க வருபவர் வங்கிக் கடன் பெறுவது கடினம். ரொக்கமாகக் கொடுப்பவரோ விலையைக் குறைப்பார். ஆகவே நிபுணரின் கட்டணத்தை வீண் செலவு என்று எண்ணாதீர்கள்.

குத்தகைக்காரர், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அடித்தளம், தூண், சுவர், கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின், போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறைகளைச் சரிசெய்த பிறகே தாருங்கள்.

உறவினர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதுண்டு. கட்டட வேலையைக் கவனிக்க என்றால் அந்த வேலைக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பத்திரம் நம் நாட்டில் உயர்நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அதன் வலுவும் போய்விடும்.

தமிழ்நாட்டு நிலத்திற்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. நம் நாட்டு நிலச் சட்டப்படி, பிறர் நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அது அவருக்குச் சொந்தமாகாது. இந்தியாவில் அப்படியல்ல. ஒருவர் உரிமை கொண்டாடி 12 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தால், உரிமையாளர் நிலத்தை மீட்கும் வழக்குரிமையை இழக்க நேரிடலாம். போகும்போதெல்லாம் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வெறும் அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு நடக்கும் விற்பனை உடைமையை மாற்றாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

மூன்றாம் கேள்வி: இந்த வீடு யாருக்காக?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார், அங்கே ஈட்டிய பணத்தில் காரைக்குடிப் பக்கத்தில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், வெளிநாட்டு ஓடுகள், கண்ணாடிகள் எல்லாம் வந்து இறங்கின. அவை விற்பதற்காகக் கட்டியவை அல்ல. குடும்பப் பெருமைக்காகக் கட்டியவை. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் வருமானம் அறுந்தது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் சேர்ந்தார்கள். முழு வீட்டை வாங்க ஆள் இல்லாமல் சில வீடுகளை இடித்து, தூணையும் கதவையும் தனித்தனியே விற்றார்கள். அவை இன்றும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விற்பதற்குக் கட்டும் வீட்டில் நம் ஆசைக்கு இடமில்லை. அந்த ஊரில் வாங்கக்கூடியவர் யார்? தொழிற்சாலை ஊழியரா, ஆசிரியரா, சிறு வியாபாரியா? அவருக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்? அவர் கேட்பது மூன்று அறை, நல்ல தண்ணீர், மின்சாரம், கார் போகும் பாதை. வேலைப்பாடுள்ள தேக்குக் கதவுக்கு அவர் கூடுதலாக ஒரு வெள்ளியும் தரமாட்டார். பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற விலையைச் சொத்து மதிப்பீட்டுத் துறையிலும் உள்ளூர் வழக்கறிஞரிடமும் விசாரித்தறியலாம்.

நான்காவது கேள்வி: கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிலத்தை இன்று அப்படியே விற்றால் 60,000 வெள்ளி. வீடு கட்டி விற்றால் 270,000 வெள்ளி. காதுக்கு இனிமையாக இருக்கிறது. இப்போது செலவைப் போடுவோம். கட்டுமானம் 160,000. வரைபடம், நிபுணர் கட்டணம், தண்ணீர், மின் இணைப்பு 15,000. ஒன்றரை ஆண்டு வட்டி 12,000. போக்குவரவும் காவலும் 5,000. தரகர் கட்டணம் 100க்கு 3 வீதம் 8,100. வழக்கறிஞர் செலவு 3,000. ஆக மொத்தம் 203,100 வெள்ளி. கையில் நிற்பது 66,900. நிலத்தை அப்படியே விற்றிருந்தால் 60,000. ஒன்றரை ஆண்டுக் கவலைக்குக் கூலி 6,900 வெள்ளி! விற்பனை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனால் வட்டியாக 4,000 வெள்ளி கரையும். மிஞ்சுவது 2,900. இதற்குள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் லாலான் புல் ஏறும், கரையான் ஏறும், மின்கம்பியை யாராவது உருவிக்கொண்டு போவார்கள். தேங்கிய நீரில் கொசு வளர்ந்தால் அபராதமும் வரலாம்.

அதே வீடு 300,000 வெள்ளிக்குப் போகும் ஊராக இருந்தால், தரகர் கட்டணம் 900 வெள்ளி கூடினாலும் கையில் நிற்பது 96,000. அங்கே துணிந்து இறங்கலாம். ஆகவே ஊருக்கு ஊர் கணக்கு மாறும். நம் கணக்கை நாமே போட வேண்டும்.

வரியையும் கணக்கில் சேருங்கள். சொத்து இலாப வரி 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மலேசியக் குடிமக்கள் வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 100க்கு 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் இந்த வரி இல்லை என்பது 2022 முதல் உள்ள நிலை. மேம்பாட்டுச் செலவைக் கழிக்க ரசீது வேண்டும். ஆகவே எல்லா ரசீதுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். மீண்டும் மீண்டும் கட்டி விற்றால் அதை வியாபாரமாகக் கருதி வருமான வரி கேட்கலாம். நான்கு வீட்டுக்கு மேல் கட்டி விற்பதானால் வீடமைப்பு மேம்பாட்டாளர் உரிமமும் வேண்டும்.

தூரத்து நிலம் எல்லாம் ஆபத்து என்று நாம் சொல்லவில்லை. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்தபோது, துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். பார்த்திராத தோட்டங்களுக்கும் பங்குதாரர் ஆனார்கள். அங்கே அவர்களுக்குப் பதிலாக நிர்வாகமும் கணக்கும் பொதுக்கூட்டமும் நின்றன. தூரத்து நிலத்தைக் காப்பது எழுத்தும் மேற்பார்வையுமே. அவை நம் ஒரு வீட்டுக்கும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாம் இன்னும் நிர்வாக வீட்டில்தான் இருக்கிறோம். ஊழியர் சேமநிதிப் பணம் முதுமைக்கு உரியது. அதையும் மனைவியின் தாலிக்கொடியையும் வைத்து, யாரோ குடியிருக்கப்போகும் வீட்டைக் கட்ட வேண்டுமா? கணக்கு நெருக்கமாக இருந்தால், நிலத்தை நிலமாகவே விற்று, அந்தப் பணத்தை நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்தில், நாம் குடியிருக்கப்போகும் வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுவதே மேல். கணக்கு தாராளமாக இருந்து, பெயரும் தாளும் சுத்தமாக இருந்து, நம்பிக்கையான ஆளும் அங்கே இருந்தால் தைரியமாகக் கட்டுங்கள்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு கிராண்டை எடுத்து விரியுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து, படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர், வகை, நிலவரி ரசீது ஆகிய மூன்றையும் பாருங்கள். செங்கல் வாங்குவது பிறகு இருக்கட்டும்.